கொள்ளும் உண்டியலும்

1931-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் லண்டன் 'மார்னிங் போஸ்ட்' தினசரியில் ஒரு கடிதம் பிரசுரமாயிற்று. எழுதியவர் டாரதி ப்ரூக் என்னும் ஆங்கில மாது. அவருடைய கணவர் எகிப்தில் பிரிட்டிஷ் குதிரைப் படைக்குத் தலைமை வகித்த சேனாதிபதி. அதற்கு முந்திய வருஷந்தான் தம்பதிகள் கெய்ரோவுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அந்நகரத்தின் தெருக்களில் பாரவண்டி இழுத்துக்கொண்டிருந்த கிழட்டுக் குதிரைகளைப் பற்றியது அக்கடிதம்.

கிழட்டுக் குதிரை எந்த ஊரில்தான் இல்லை என்று நேயர்கள் கேட்கலாம். ஆனால் இவை எகிப்து தேசத்துக் குதிரைகள் அல்ல. எலும்பு தெரிய இளைத்து, கால் வீங்கி, சில கண்ணும் தெரியாமல் நின்ற அந்தப் பிராணிகளின் உடம்பில் அம்பு போன்ற குறி ஒன்று சூடு போடப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் சர்க்காரின் சொத்து என்பதற்கு அடையாளம் அது. 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்தில் ஸைனாய்ப் பாலைவனத்திலும் பாலஸ்தீனத்திலும் பீரங்கி இழுத்தும் வீரர்களைச் சுமந்தும் உழைத்த குதிரைகள் அவை. யுத்தம் முடிந்ததும் ராணுவத்தார் அவற்றை அங்கேயே விற்றுவிட்டார்கள். பன்னிரண்டு வருஷங்களாகக் கைமாறிக் கைமாறிக் கடைசியில் பரம ஏழைகளான வண்டிக்காரர்களிடம் அவை வந்து சேர்ந்திருந்தன. குதிரைக்கு இருபது வயது என்றால் நமக்கு அறுபதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். இவை எல்லாமே இருபதைத் தாண்டியவை.

ஏன் விற்றார்கள்? கணக்குத்தான் காரணம். ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கப்பலில் ஏற்றித் திருப்பி அழைத்து வருவதற்கு ஆகும் கூலி, அவற்றோடு வியாதி வந்துவிடுமோ என்ற பயம், வந்த பிறகு தீனி போடும் செலவு, இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, மறு பக்கத்தில் குதிரையின் விலையை எழுதிப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் விசித்திரமானது. அந்தத் தேசம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல் கடந்து யுத்தத்துக்கு அனுப்பிற்று. திரும்பி வந்ததாகத் தெரிவது ஒன்றே ஒன்று. கலிப்போலியில் காயம்பட்டு மாண்ட ஒரு சேனாதிபதியின் குதிரை அது; பெயர் ஸாண்டி. இந்த ஆஸ்திரேலியக் குதிரைகளை, நியூ ஸௌத் வேல்ஸ் மாகாணத்தின் பெயரை ஒட்டி, 'வேலர்' என்று அழைப்பார்கள். நமக்கும் அந்த ஜாதி அந்நியமல்ல. இந்திய ராணுவத்துக்காக வெகுகாலம் வேலர்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து சென்னையில் இறக்கியிருக்கிறார்கள். அதே பாலஸ்தீனப் போர்முனையில், 1918-ம் வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி, ஹைபா நகரைப் பிடித்தவர்கள் ஜோத்பூர், மைசூர் குதிரை வீரர்கள். வீரர்களின் ஞாபகத்துக்கு டில்லியில் சிலை இருக்கிறது. குதிரைகளுக்குக் கிடைத்தது கெய்ரோ சந்தை.

ப்ரூக் அம்மையாரின் கடிதத்தைப் படித்துப் பார்த்தால், பணம் கேட்பது எப்படி என்பதற்கு அதைப் பாடமாக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சர்க்காரை அவர் ஒரு வார்த்தை வையவில்லை. வேறு வழியின்றி விற்கப்பட்டவை என்றே எழுதினார். வண்டிக்காரர்களைக் கொடியவர்கள் என்றும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் பசும்புல் வெளியில் பிறந்த குதிரை, பச்சைப் புல்லையும் ஓடும் தண்ணீரையும் ஆங்கிலத்தில் ஓர் அன்பான வார்த்தையையும் கண்டு கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று மட்டும் வினவினார். இந்த ஒரு கேள்வியிலேயே லண்டன் நகரத்துப் பாட்டிமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பணப்பையைத் திறந்திருப்பார்கள். ஆனால் அம்மையார் அதோடு நிறுத்தவில்லை. அந்தப் பணத்தைக் கொண்டு தாம் என்ன செய்யப்போகிறார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். குதிரைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பப் போவதாகவோ, நந்தவனத்தில் மேய விடப் போவதாகவோ ஆசை காட்டவில்லை. வலியில்லாத ஒரு முடிவைக் கொடுப்பதற்காகத்தான் நன்கொடை கேட்டார்.

பணம் வந்தது, அம்மையாரே எதிர்பாராத அளவில் வந்தது. ஒரு கமிட்டி அமைத்தார். மூன்று வருஷங்களில் அந்தக் கமிட்டி வாங்கிய பழைய யுத்தக் குதிரைகள் 5,000.

வாங்குவது என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். அந்த வார்த்தைக்குள் எவ்வளவு சங்கடம் இருக்கிறது என்று பாருங்கள். சட்டம் எதுவும் குதிரையைப் பிடுங்கிக்கொள்ள இடம் கொடுக்கவில்லை. உடைமையாளனிடம் விலை பேசித்தான் ஆக வேண்டும். கல் ஏற்றியும் மண் ஏற்றியும் பிழைப்பவன் அவன். குதிரையைப் போலவே அவன் விலாவெலும்பும் எண்ணக்கூடியதாக இருக்கும். நொண்டிக் குதிரையானாலும் அதுதான் வீட்டில் அடுப்பு எரிய வைப்பது. அதை விற்றுவிட்டால் மறு குதிரை வாங்கும் வரையில் குழந்தைகளுக்கு என்ன வழி? விலையை அதிகமாகக் கொடுத்தால் நன்கொடைப் பணம் சீக்கிரம் தீர்ந்து போகும். இன்னும் பத்துக் குதிரைகள் வெயிலில் நிற்கும். குறைத்துக் கொடுத்தால் ஒரு குடும்பம் பட்டினி. இத்தனைக்கும், வாங்க வந்தவர்களோ அந்தத் தேசத்தில் துருப்புக்களுடன் உட்கார்ந்திருந்த அந்நியர்கள். எகிப்துக்கு 1922-ல் சுதந்திரம் என்று ஒரு காகிதம் கிடைத்திருந்தது. துருப்புக்கள் மட்டும் போகவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சேனாதிபதியின் மனைவி ஏழை வண்டிக்காரனோடு எதிரில் நின்று பேரம் பேசுவதற்குத் தைரியம் மாத்திரம் போதாது, கொஞ்சம் அடக்கமும் வேண்டும். சொந்தக்காரர்களின் வறுமையையும் குதிரைகளின் துன்பத்தையும் ஒரே கண்ணால் பார்த்தவர் என்பதுதான் அம்மையாரைப் பற்றி நான் மெச்சுகிற விஷயம்.

வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவற்றை வலியில்லாமல் கொன்றுவிட்டார்கள். அவை பிழைக்கக்கூடிய நிலையில் இல்லை.

இதை நான் எங்கள் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் அறையில் சொன்னபோது, நண்பர் ஒருவர் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டார்: "ஐயாயிரம் ஜீவனைக் கொன்றதற்கு ஜீவகாருண்யம் என்று பெயரா, சார்?" கேள்வி நியாயமானதே. நம் தேசத்தில் இந்தக் கேள்வி அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே பலமாகக் கிளம்பியிருக்கிறது. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத நோயால் துடித்துக்கொண்டிருந்தது. வைத்தியர் கைவிட்டு விட்டார். காந்திஜி ஆலோசித்து, அதற்கு விஷ ஊசி போடச் செய்தார். தாமே பக்கத்தில் நின்றார். தேசமெங்கும் கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. அஹிம்சைக்கு ஆசாரியர் என்று நினைத்தவரே இப்படிச் செய்யலாமா என்று வைதவர்கள் ஏராளம். காந்திஜி பின்வாங்கவில்லை, தம் பத்திரிகையில் பகிரங்கமாகவே வாதாடினார். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கன்றைக் கொல்லாதே என்று கடிதம் எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தக் கன்றின் பக்கத்தில் ஒரு ராத்திரி கண்விழித்து உட்காரத் தயாராக இருந்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கெய்ரோவிலும் அதே கதைதான். குதிரையைச் சாக விடாமல் வைத்திருப்பதானால் அதற்கு லாயம் வேண்டும், தீனி வேண்டும், ஆள் வேண்டும். அந்த மூன்றும் ஐயாயிரம் குதிரைகளுக்கு வேண்டும்.

யுத்தக் குதிரைகள் ஏறக்குறையத் தீர்ந்தபோது, அம்மையார் கமிட்டியைக் கலைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம். ஆனால் அதே தெருக்களில் வேறு குதிரைகளும் கழுதைகளும் அதே பாரத்தை இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் அம்புக்குறி இல்லை என்பதுதான் வித்தியாசம். 1934-ல் கெய்ரோவில் 'பழைய யுத்தக் குதிரை ஞாபகார்த்த வைத்தியசாலை' என்று ஒன்றை நிறுவினார். நகரத்தில் வேலை செய்யும் எந்தக் குதிரைக்கும் கழுதைக்கும் அங்கே இனாமாக வைத்தியம். அவர் 1955-ல் கெய்ரோவிலேயே காலமானார். ஸ்தாபனம் அவருடைய பெயரைத் தாங்கி இன்றைக்கும் நடக்கிறது.

இனாம் வைத்தியம் என்று சொல்வது எளிது. வண்டிக்காரனுக்கு வைத்தியத்தின் விலை மருந்தில் இல்லை. குதிரை படுத்திருக்கும் நாட்களில் இருக்கிறது. தோளில் சேணம் உராய்ந்து புண்ணாகிவிட்டது. பத்து நாள் சேணம் போடக்கூடாது என்கிறார் டாக்டர். பத்து நாளைக்கு அவன் என்ன செய்வான்? மறுநாளே புண்ணின் மேல் ஒரு துணியைப் போட்டு வண்டியைப் பூட்டிவிடுவான். அவனைக் கொடியவன் என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம்; புண் ஆறாது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழியை, கெய்ரோ வைத்தியசாலைக்கு நாற்பத்தெட்டு வருஷம் முன்பே ஒரு பெண்மணி கண்டுபிடித்திருந்தார். லண்டனில் ஆயிரக்கணக்கான வாடகைக் குதிரை வண்டிகள் ஓடிய காலம் அது. அன்னா ஸ்யூவெல் என்பவர் ஒரு குதிரையே தன் சரித்திரத்தைச் சொல்வதாக எழுதிய 'பிளாக் பியூட்டி' 1877-ல் வெளிவந்து எல்லாரையும் உருக்கிக்கொண்டிருந்தது. அதைப் படித்து மனம் கலங்கியவர்களில் ஆன் லிண்டோ என்பவரும் ஒருவர். கலங்கியதோடு நிற்காமல், 1886-ல் ஹாரோவுக்கு அருகே 'குதிரைகளின் ஓய்வு இல்லம்' ஒன்றைத் திறந்தார். களைத்துப்போன வண்டிக் குதிரை அங்கே சில வாரம் இளைப்பாறலாம். அதுவரையில் வண்டிக்காரன் சும்மா இருக்க வேண்டியதில்லை. அவனுக்கு இல்லத்திலிருந்தே வேறொரு குதிரையை இரவல் கொடுத்து அனுப்பினார்கள். ஜட்கா ஓட்டிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறையினருக்கு இதன் அருமை உடனே விளங்கும். குதிரைக்கு விடுமுறை, மனிதனுக்குச் சம்பளம். இதைவிடப் புத்திசாலித்தனமான தர்மத்தை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

அந்த இல்லம் பல இடம் மாறி, இப்போது பக்கிங்ஹாம்ஷயர் ஜில்லாவில் ஸ்பீன் என்ற கிராமத்தில் இருக்கிறது. வாடகைக் குதிரை வண்டிகள் மறைந்துவிட்டன. இப்போது அங்கே இருப்பவை போலீஸிலும் ராணுவத்திலும் உழைத்து ஓய்வு பெற்ற குதிரைகளும், கொடுமையிலிருந்து மீட்கப்பட்ட குதிரைகளும், சில கழுதைகளும். 2006 முதல் ஸ்தாபனத்தின் பெயரும் 'ஹார்ஸ் டிரஸ்ட்' என்று மாறிவிட்டது.

இம்மாதிரி இல்லங்களில் ஒரு நாள் எப்படிப் போகிறது? பொழுது விடியுமுன் ஆட்கள் வந்துவிடுவார்கள். முதல் வேலை குதிரையைப் பார்ப்பது. கொஞ்சுவதற்காக அல்ல. ராத்திரி வைத்த புல்லில் எவ்வளவு மிச்சம், தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா, லத்தி எத்தனை இடத்தில், எந்தப் பதத்தில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். லத்தி போடாத குதிரை ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது. உள்ளே போனது எதுவானாலும் குடல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அது நின்றுவிட்டால் வயிற்றுவலி கண்டு, சில மணி நேரத்தில் உயிரே போகலாம். ஆகையால் லாயத்தில் நல்ல வேலையாளுக்கு அடையாளம், காலையில் அவர் தலை குனிந்தே நடப்பதுதான்.

பிறகு லத்தியை அள்ளுவது. ஒரு குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 20 கிலோ போடும். குளம்பைத் தூக்கிக் கல்லும் மண்ணும் சுரண்டுவது, உடம்பு தேய்ப்பது, ஒவ்வொன்றையும் வெளியே கொண்டு விடுவது, நொண்டுகிறதா என்று நடையைக் கவனிப்பது, சாயங்காலம் திருப்பிக் கட்டுவது. ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வந்து குளம்பைச் செதுக்க வேண்டும். லாடமே போடாத குதிரைக்கும் இது தப்பாது. வருஷத்துக்கு ஒரு முறையாவது பல்லை அராவிச் சமன் செய்ய வேண்டும். குதிரையின் பல் ஆயுள் முழுவதும் மேலே வந்துகொண்டே இருந்து, கிழவயதில் தீர்ந்து போகிறது. பல் போன குதிரைக்குப் புல்லை வைத்தால் மென்று உருட்டித் துப்பிவிடும். அதற்கு ஊறவைத்துக் கூழாக்கிய தீனி ஒரு நாளைக்குப் பல வேளை தர வேண்டும். நம் வீட்டுக் கிழவர்களுக்குச் செய்கிற பணிவிடைக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. எடை மாத்திரம் 500 கிலோ.

கணக்கு சொல்லிக் கொடுப்பவனுக்குக் கை சும்மா இருக்காது. அவ்வளவு எடையுள்ள குதிரை நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்ந்த புல் தின்னும். குதிரை 25, 30 வயது வரை இருக்கக்கூடியது. பத்து வயதில் ஒன்றை மீட்டுக்கொண்டு வந்தால், இருபது வருஷம் தீனி போடத் தயாராக இருக்க வேண்டும். 10 கிலோவை 365-ஆல் பெருக்கி, அதை 20-ஆல் பெருக்குங்கள்: 73,000 கிலோ. ஒரு குதிரையைக் காப்பாற்றுவதென்றால் 73 டன் புல் என்று பொருள். வெயிலில் துடிக்கும் குதிரையைப் பார்த்த கணத்தில் இரக்கம் வருகிறது. அதைத் தொடர்ந்து இந்த 73 டன்னும் வரிசையாக வந்து நிற்கிறது. இதில் லாடக்காரர் இல்லை, டாக்டர் இல்லை, மழைக்குக் கூரை இல்லை, ஆள் சம்பளம் இல்லை.

எனவேதான் குதிரை இல்லத்துக் காரியதரிசிக்கு லாயத்தில் உள்ள வேலையைவிட மேஜையில் உள்ள வேலை அதிகம். கெய்ரோ நாட்களில் கடிதமும் சந்தாவும் உண்டியலும்தான். இப்போது இங்கிலாந்தில் வேறு பல உபாயங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து பார்க்கலாம். பார்த்துவிட்டுத் தேநீர் அருந்தலாம். போகும்போது ஒரு குதிரையைத் 'தத்து' எடுத்துக்கொள்ளலாம். தத்து என்றால் வீட்டுக்கு அழைத்துப் போவதல்ல. மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டினால், குதிரையின் படமும் அதன் க்ஷேம சமாசாரமும் தபாலில் வரும். ஒரே குதிரைக்கு நூறு வளர்ப்புப் பெற்றோர் இருக்கலாம். குதிரைக்கு ஆட்சேபணை இல்லை. இவற்றையெல்லாம்விடக் கைகொடுப்பது உயில். பிள்ளையில்லாத முதியோரும், பிள்ளைகள் இருந்தும் அவர்களைவிடக் குதிரையை நம்பும் முதியோரும் எழுதி வைத்துவிட்டுப் போகும் சொத்து, அங்குள்ள மிருக தர்ம ஸ்தாபனங்களின் வரவில் பெரும் பங்கு. நம் பசுமடங்களுக்கும் ஒரு காலத்தில் நிலபுலன்கள் இப்படித்தான் வந்தன.

உண்டியலைப் பற்றி ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜனங்கள் குதிரை இனத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. ஒரு குதிரைக்குக் கொடுக்கிறார்கள். 1982-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி லண்டன் ஹைட் பூங்காவில், அணிவகுத்துச் சென்ற குதிரை வீரர்கள்மீது ஐரிஷ் குடியரசுப் படையினரின் வெடிகுண்டு வெடித்தது. நான்கு வீரர்களும் ஏழு குதிரைகளும் மாண்டார்கள். ஸெப்டன் என்ற குதிரைக்கு 34 காயங்கள். எட்டு மணி நேரம் சஸ்திர சிகிச்சை செய்து அதைப் பிழைக்க வைத்தார்கள். அதன் படம் பத்திரிகைகளில் வந்ததும் தேசமே அதன் பெயரை உச்சரித்தது. வாழ்த்துக் கடிதங்கள் குவிந்தன. நன்கொடையாக வந்த தொகை 6,20,000 பவுனுக்கு மேல். குதிரை ஒன்று, அதற்கு அவ்வளவு பணம் எதற்கு? விவேகிகள் அந்தப் பணத்தைக் கொண்டு அரசாங்க மிருக வைத்தியக் கல்லூரியில் சஸ்திர சிகிச்சைப் பகுதி ஒன்று கட்டி, ஸெப்டன் பெயரையே வைத்தார்கள். பெயர் பெற்ற ஒன்றுக்காகக் கொடுத்தது பெயரில்லாத ஆயிரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஸெப்டன் 1984-ல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஸ்பீன் இல்லத்துக்கு வந்து, 1993-ல் 30-வது வயதில் அங்கேயே முடிந்தது. கெய்ரோ குதிரைகளுக்கும் இது கிடைத்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியுமா?

படம் பிடிக்க முடியாத வேலையும் உண்டு. 2008-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், அதே பக்கிங்ஹாம்ஷயரில் ஆமர்ஷாம் அருகே ஒரு பண்ணையில் நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளும் கழுதைகளும் பட்டினியாகக் கிடக்கக் கண்டார்கள். பல ஏற்கனவே செத்துக் கிடந்தன. பல தர்ம ஸ்தாபனங்கள் கூடி, உயிருள்ளவற்றைப் பங்கிட்டுக்கொண்டன. ஸ்பீன் இல்லமும் தன் பங்கை ஏற்றது.

பட்டினி கிடந்த குதிரைக்கு உடனே ஒரு வாளி கொள்ளோ ஓட்ஸோ வைக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுதான் அதைக் கொல்லும். நெடுநாள் பட்டினியில் உடம்பு தன் தசையையே தின்று பிழைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் ரத்தத்தில் உள்ள உப்புக்களின் அளவு தலைகீழாக மாறி, சில நாட்களில் இருதயம் நின்று போகலாம். மனிதர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. கலிபோர்னியா சர்வகலாசாலையில் இதை ஆராய்ந்தவர்கள் கண்ட வழி, குதிரை மசாலை அரைக் கிலோ அளவாக நான்கு மணிக்கு ஒரு முறை, இரவும் பகலுமாக, முதல் மூன்று நாள் கொடுப்பது. பிறகு மெதுவாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பசியோடு கனைக்கும் பிராணியின் எதிரில், நிறையப் புல் வைத்திருந்தும், ஒரு பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்து, கொடுத்துவிட்டு, மீண்டும் ஆறு மணிக்கு வர வேண்டும். தேறுகிறதா என்பதைக் கண்மதிப்பில் விடுவதில்லை. 1983-ல் டெக்ஸாஸில் வகுத்த முறைப்படி, கழுத்து, தோள், விலா, முதுகு, வாலடி எல்லாம் தொட்டுப் பார்த்து ஒன்று முதல் ஒன்பது வரை மார்க்குப் போடுகிறார்கள். ஒன்று என்றால் எலும்புக்கூடு. ஒன்பது என்றால் நடக்க மாட்டாத கொழுப்பு. ஐந்து வாங்கினால் போதும். என் மாணாக்கர்களுக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும்.

பிழைத்தவற்றை எல்லாம் இல்லத்திலேயே வைத்துக்கொண்டால் அடுத்த குதிரைக்கு இடமிராது. ஆகையால் தேறியதை நல்ல குடும்பங்களுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் உரிமையை விட்டுக் கொடுப்பதில்லை. இன்ஸ்பெக்டர் அவ்வப்போது போய்ப் பார்ப்பார். சரியில்லை என்றால் திருப்பி அழைத்து வந்துவிடுவார். பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு இந்த வசதி இருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

ப்ரூக் அம்மையாரின் ஸ்தாபனம் இதற்கு நேர்மாறான பாதையில் வெகுதூரம் போய்விட்டது. அது இப்போது குதிரைகளை வாங்குவதில்லை. உழைக்கும் குதிரையைச் சொந்தக்காரனிடமே விட்டு, அவன் கையாலேயே அதைக் காப்பாற்றப் பார்க்கிறது. நம் தேசத்திலும் வேலை நடக்கிறது. வடக்கே உத்தரப்பிரதேசத்துச் செங்கல் சூளைகளுக்குப் போனால், பச்சைச் செங்கல்லை அறுக்கும் இடத்திலிருந்து சூளைக்கு இழுப்பது குதிரையும் கோவேறு கழுதையுமே. மழைக்காலம் முடிந்ததும் சூளை ஆரம்பிக்கும். கோடை கடுமையாக இருக்கும்போதும் நிற்காது. வண்டிக்காரன் சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பான். எத்தனை செங்கல் இழுத்தானோ அதற்குத்தான் கூலி. குதிரை நொண்டினால் கடன் அடையாது. கெய்ரோவில் அம்மையார் கண்ட வண்டிக்காரனுக்கும் இவனுக்கும் பாஷை ஒன்றுதான் வேறு.

இந்தக் குடும்பங்களைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்க்கிறார்கள். லாடக்காரர்களுக்கும் உள்ளூர் மிருக வைத்தியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். காயத்தை உப்பு நீரால் கழுவுவது, வேலைக்கு நடுவே தண்ணீர் காட்டுவது, சேணத்தின் அடியில் மெத்தை வைப்பது போன்ற காசில்லாத வைத்தியங்களைக் குழுவில் ஒருவர் மற்றொருவருக்குக் காட்டுகிறார். பல குழுக்களில் பெண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். அவர்கள் மாதந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் சேமித்து ஒரு பெட்டியில் போடுகிறார்கள். தீனி மலிவாகக் கிடைக்கும்போது மொத்தமாக வாங்கவும், வண்டிச் சக்கரம் உடைந்தால் மாற்றவும், குதிரை படுத்துவிட்டால் டாக்டருக்குக் கொடுக்கவும், அந்தப் பெட்டியிலிருந்து கடன் எடுத்துக்கொள்ளலாம். வட்டியும் பெட்டிக்கே திரும்பி வருகிறது.